ஜவ்வு கிழிந்தால் ஆபரேஷன்தானா?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரை வெறுங்காலில் நடப்பவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் ஏராளம். மறுநாள் முட்டி வீங்கினால் தைலம் தேய்ப்பார்கள், அடங்காவிட்டால் ஸ்கேன். ‘ஜவ்வு கிழிந்திருக்கிறது’ என்று ரிப்போர்ட் வந்ததுமே வீட்டில் ஆபரேஷன் பேச்சு தொடங்கிவிடும்.

கொஞ்சம் பொறுக்கலாம்.

மருத்துவர்கள் மெனிஸ்கஸ் என்று சொல்லும் இந்த ஜவ்வு, முட்டிக்குள் இரண்டு பிறைகளாக அமர்ந்து உடல் எடையைப் பரப்பித் தாங்கும் குருத்தெலும்பு. நேராக நடப்பதை அது பொறுத்துக்கொள்ளும். மடக்கிய முட்டியைத் திருகுவதைத்தான் பொறுக்காது. அந்த வகையில், 14 கிலோமீட்டர் நடையைவிட, வழியில் இடுக்குப் பிள்ளையார் கோயிலின் குறுகிய வாசல்களில் உடலை நெளித்து நுழையும் சில நொடிகள்தான் நைந்த ஜவ்வுக்குச் சோதனை.

வயதாக ஆக ஜவ்வு தானாகவே நைகிறது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் 50 முதல் 90 வயது வரையிலான 991 பேரை ஸ்கேன் செய்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டியில் வலியோ இறுக்கமோ இல்லை!

பின்லாந்து மருத்துவர்கள் இன்னும் துணிந்தார்கள். அடிபடாமல், தேய்மானத்தால் ஜவ்வு கிழிந்த 146 பேரில் ஒரு பிரிவினருக்குக் கிழிசலை வெட்டி எடுத்தார்கள். மற்றவர்களுக்குத் துளையிட்டு உள்ளே பார்த்ததோடு சரி, சிகிச்சை வெறும் பாவனை. யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குச் சொல்லவில்லை. ஓராண்டு கழித்து இரு பிரிவினரின் வலியிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 2013-ல் வந்த இந்த முடிவு எலும்பு மருத்துவர்களிடையே பெரிய விவாதத்தைக் கிளப்பியது. இப்போது நடுவயதுத் தேய்மானக் கிழிசலுக்கு முதல் மருந்து, தொடைத் தசைக்கான உடற்பயிற்சிதான். அதிலும் குணமாகாமல் ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் உண்டு.

கபடியில் முட்டி திருகிய இளைஞரின் கதை வேறு. கிழிந்த துண்டு நடுவில் மாட்டிக்கொண்டு காலை நீட்டவே முடியாமல் போனால், ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. கிழிந்த ஜவ்வைத் தைப்பது புதிதல்ல. எடின்பரோவில் அறுவை மருத்துவர் தாமஸ் அனன்டேல் 1883-லேயே ஒரு சுரங்கத் தொழிலாளியின் ஜவ்வைத் தைத்தார். ஆனாலும், பல பத்தாண்டுகளுக்கு முழு ஜவ்வையும் உருவி எடுப்பதே வழக்கமாக இருந்தது. அப்படி எடுத்த மூட்டுகளில் வரும் மாற்றங்களை மருத்துவர் ஃபேர்பேங்க் 1948-ல் எக்ஸ்ரேயில் காட்டினார். டோக்கியோ மருத்துவர் வதனபே 1962-ல், மூட்டுக்குள் பார்க்கும் கருவியான ஆர்த்ரோஸ்கோப் வழியாகக் கிழிந்த பகுதியை மட்டும் வெட்டினார்.

ஜவ்வின் வெளி ஓரத்தில் ரத்த ஓட்டம் உண்டு. அங்கே தையல் போட்டால் கிழிசல் ஆற வாய்ப்பிருக்கிறது. உள்பக்கம் ரத்த ஓட்டம் இல்லாததால் பெரும்பாலும் வெட்டிச் சீராக்குவார்கள். வெட்டிக்கொண்டவர் சில நாட்களில் நடந்துவிடுவார். தையல் போட்டுக்கொண்டவருக்கோ ஊன்றுகோல், முட்டிப் பட்டை, பல மாதங்களுக்குக் குந்தி உட்காரத் தடை. ஆடியில் தையல் போட்டுக்கொண்டவர், கார்த்திகை தீபத்துக்கு கிரிவலம் போகலாமா என்று மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.