யாரு நீ, எந்த ஊரு?

பொன்னமராவதியிலிருந்து புறப்பட்டவன் – 7

நியூயார்க்கில் ஆவணி முடிவதற்குள்ளேயே பேய்கள் விற்பனைக்கு வந்துவிடுகின்றன. நாங்கள் குடியிருக்கும் குயின்ஸ் பக்கத்து மருந்துக்கடையில் இருமல் மருந்துக்கு அடுத்த அடுக்கில் மண்டையோடு. ஹோம் டிப்போ கடையில் 12 அடி உயர எலும்புக்கூடு. 2020இல் அது அறிமுகமானபோது விலை 299 டாலர். தனிவீட்டுக்காரர்கள் வாசலில் அதை நட்டுவைத்து, சிலர் டிசம்பர் வரை கழற்றாமல் கிறிஸ்துமஸ் தாத்தாவின் தொப்பியையும் மாட்டிவிடுவார்களாம்.

பயமாக இல்லை. ஆனால் பார்க்க ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது. எங்கள் பக்கத்துப் பேய்களுக்கு முகவரி உண்டு. புளியமரத்தில் இருப்பவர் யார், எந்தத் தெருக்காரர், எந்த மனக்குறையில் போய்ச் சேர்ந்தார் என்று ஊருக்கே தெரியும். அவருடைய அண்ணன் மகன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை வைத்திருப்பார். அவர் காதுபட யாரும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார்கள். யாருக்காவது பேய் பிடித்தால் கோடாங்கி வந்து, உடுக்கை அடித்து, திருநீறு போட்டு முதலில் கேட்பது, “யாரு நீ? எந்த ஊரு? எதுக்கு வந்த?” என்பதைத்தான். பெயர் வெளியே வந்த பிறகுதான் கோழியா, சேலையா என்று பேரமே தொடங்கும்.

இங்கே தொங்குகிற எலும்புகளுக்கு அண்ணன் மகன் இல்லை. அச்சில் வார்த்த பிளாஸ்டிக்.

ஒரு காலத்தில் அவற்றுக்கும் உறவு இருந்தது. அயர்லாந்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இரவை ‘சாவின்’ என்றார்கள். செத்தவர்கள் அன்று வீடு தேடி வருவார்கள் என்று நம்பினார்கள். திருச்சபை நவம்பர் 1ஐப் புனிதர்கள் அனைவருக்கும், 2ஐ இறந்தவர்களுக்கும் ஒதுக்கியது. அந்த 2ஆம் தேதிதான் நம்மூர் கத்தோலிக்கர்களின் கல்லறைத் திருநாள்: கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, பெயர் சொல்லி ஜெபிப்பது. புனிதர் நாளுக்கு முந்தைய இரவு, அக்டோபர் 31, மட்டும் ஹாலோவீனாகி வேறு வழியில் போய்விட்டது. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு இங்கே பரங்கிக்காய் வாகாக அமைந்தது. (நாங்கள் புளிக்குழம்பில் போடுகிற பரங்கிக்குச் சொந்தம்தான். இங்கே வெட்டிப்போட்டு வீணாக்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.) வழக்கம் கடல் தாண்டிவிட்டது, கல்லறைகள் ஊரிலேயே நின்றுவிட்டன. பெயரில்லாத பேய்கள் இங்கே இப்படித்தான் பெருகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

பேய்கள் தொங்கும் இதே பருவத்தில் நிறம் மாறுகிற மரங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் இலை உதிரும்; அதைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுத்துப் போனதில்லை. இங்கே எந்த வட்டாரத்தில் எவ்வளவு நிறம் மாறியிருக்கிறது என்று மாநில சுற்றுலாத் துறையே வாராவாரம் அறிக்கை விடுகிறது. பகல் குறையக் குறைய, இலைக்காம்பின் அடியில் ஒரு தடுப்பு வளர்ந்து மரத்துக்கும் இலைக்குமான வழியை அடைக்கிறது. பச்சையம் சிதைந்ததும், அதுவரை ஒளிந்திருந்த மஞ்சள் தெரிகிறது. சிவப்பு மட்டும் புதுச்சரக்கு: வெளியேற முடியாமல் இலையில் தங்கிவிட்ட சர்க்கரையிலிருந்து உண்டாவது. சாகப்போகிற இலைக்கு எதற்கு இந்தச் செலவு என்று அறிவியலாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் வந்து இறங்கிய 2024ஆம் ஆண்டு அக்டோபரில் சென்ட்ரல் பார்க் மழைமானியில் பதிவான மழை 0.01 அங்குலம். நூற்றைம்பது ஆண்டுக்கு மேலான பதிவேட்டில் இவ்வளவு வறண்ட மாதமே கிடையாதாம். ஐப்பசி அடைமழைக்குக் கண்மாய்க் கரையைப் பார்த்துக் காத்திருந்து பழகியவன் நான். மழைக்கு ஏங்கும் நகரத்தில் வந்து சேர்ந்ததில் ஏனோ கொஞ்சம் சொந்த ஊர் நெருக்கம் உண்டானது. நவம்பரில் புரூக்ளினின் பிராஸ்பெக்ட் பார்க்கில் சருகு பற்றி எரிந்தபோது அந்த நெருக்கம் போய்விட்டது.

அந்த ஆண்டு அக்டோபர் 31 ஹாலோவீன், தீபாவளியும் அன்றைக்கே. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வீடியோவில் அம்மாவுக்குத் தெருவைக் காட்டினேன். “ஏன்டா தம்பி, நல்லநாளும் அதுவுமா வாசல்ல எலும்புக்கூட்டத் தொங்கவிட்ருக்காக?” என்றார். என்ன சொல்வது? வெடிக்க வெடியும் இல்லை; நியூயார்க் நகரத்தில் மத்தாப்புக்கூடச் சட்டவிரோதம்.

எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். ஹாலோவீன் இரவில் வேஷம் கட்டி மிட்டாய் கேட்டு வருகிற பிள்ளைகள் கதவைத் தட்டலாம் என்று சம்மதிப்பவர்கள் அதில் வீட்டு எண்ணை எழுதவேண்டும். அதுவரை அந்தக் கட்டடத்தில் யாரும் என்னை எந்த ஊர் என்று கேட்டதில்லை. லிஃப்டில் கதவைப் பார்த்தபடியே நிற்பார்கள். எழுதினேன். முறுக்கும் அதிரசமும் கொடுக்கலாம் என்றாள் மனைவி. அலுவலக நண்பர் தடுத்துவிட்டார்: உறையிட்ட மிட்டாயைத் தவிர எதுவும் பெற்றோர் கைக்குப் போனதும் குப்பைக்கூடைக்குத்தான்.

மிட்டாயில் விஷம் இருக்குமோ என்கிற இந்தப் பயத்தின் கதை, இங்குள்ள எந்தப் பேய்க்கதையையும்விட மோசமானது. 1974 ஹாலோவீன் இரவில் டெக்சாஸில் எட்டு வயதுப் பையன் ஒருவன் சயனைடு கலந்த மிட்டாய் தின்று இறந்தான். யாரோ அந்நியர் செய்த வேலை என்று நாடே நடுங்கியது. காப்பீட்டுப் பணத்துக்காகக் கொடுத்தவர் பெற்ற தகப்பன். 1984இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது. முகம் தெரியாதவர் கண்டபடி விஷம் வைத்து ஒரு குழந்தை இறந்ததாக நிரூபணமான சம்பவம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று, 1958 முதலான செய்திகளைத் தோண்டிப் பார்த்த சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் சொல்கிறார். ஆனாலும் எங்கள் அதிரசம் டப்பாவிலேயே இருந்தது. கிண்ணத்தில் உறையிட்ட சாக்லேட்.

இருட்டியதும் வந்தார்கள். ஸ்பைடர்மேன், சூனியக்காரி, டைனோசர். குலசேகரப்பட்டினம் தசராவில் காளி வேஷமும் குறவன் வேஷமும் கட்டி வீடு வீடாகக் காணிக்கை எடுப்பார்கள்; அங்கே அது விரதம், எடுத்த காசு முத்தாரம்மன் உண்டியலுக்கு. இங்கே எடுத்ததெல்லாம் எடுத்தவர் வாய்க்கு. எதிர்வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து ஒவ்வொரு பிள்ளையிடமும் “நீ யாரு?” என்று கேட்டுவிட்டுத்தான் மிட்டாய் போட்டார். எனக்குக் கோடாங்கி ஞாபகம் வந்தது.

நான் பட்டுவேட்டியில் நின்றேன். ஸ்பைடர்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“நீங்க என்ன வேஷம்?”

வேஷமில்லை, எங்களுக்கு இன்றைக்குத் தீபாவளி என்றேன். அவன் முகமூடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டான்.

“நாளைக்கு ஸ்கூல் லீவு விட்டது உங்களுக்காகத்தானா?”

நியூயார்க் நகரப் பள்ளிகள் தீபாவளிக்கென்று முதன்முதலாக மூடியது மறுநாள், 2024 நவம்பர் 1. ஆமாம் என்றேன். கூடவந்த அத்தனை பேருக்கும் கூவிச் சொன்னான். கிண்ணம் காலியானது.

ராத்திரி அம்மா மறுபடி அழைத்தார். “வந்த பிள்ளைகள்லாம் யாரு வீட்டுப் பிள்ளைக?”

ஸ்பைடர்மேன் மூன்றாம் மாடி, வங்காளதேசத்துக்காரர் மகன். டைனோசரின் அம்மா ஈக்வடார், பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். மற்றவர்களைத் தெரியாது என்றேன்.

“விசாரிச்சு வையி. பலகாரம் குடுத்துவிடணும்ல.”

(தொடரும்)