அட்டை போனது, சிம் போகவில்லை

இ-சிம் போனில் சிம்மே இல்லை என்று நினைப்பது தவறு. சிம்மின் சிப் போனுக்குள்ளேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. சிம்மின் உயிர் பிளாஸ்டிக் அட்டையில் இல்லை, அதற்குள் இருக்கும் ரகசியச் சாவியில் இருக்கிறது. நெட்வொர்க் ஓர் எண்ணை அனுப்பும். சிப் அந்தச் சாவியைக்கொண்டு கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பித் தரும். இ-சிம்மில் மாறியது சாவி வந்துசேரும் வழிதான். இ-சிம்மை நிறுவ நாம் ஸ்கேன் செய்யும் கியூஆர் குறியீட்டில் சாவி கிடையாது. சாவியைத் தரும் சர்வரின் முகவரியும் அனுமதிக் குறியும்தான் உண்டு. சர்வரும் சிப்பும் சான்றிதழ் காட்டி ஒன்றையொன்று உறுதிசெய்த பிறகே, அந்தச் சிப் மட்டும் திறக்கக்கூடிய மறையீட்டில் சாவி இறங்குகிறது.

இணையத்தில் வருவதை வழியிலேயே திருடலாமே என்ற ஐயம் நியாயமானது. ஆனால் அப்படிப் பிடித்தவருக்கு அது பயன்படாது. உண்மையான ஆபத்து, ஓடிபியை ஏமாற்றி வாங்கி நம் எண்ணைத் தன் போனுக்கு மாற்றிக்கொள்பவரிடம் இருக்கிறது. அவரை எந்தச் சிப்பாலும் தடுக்க முடியாது, தொலைத்தொடர்பு நிறுவனம்தான் கேள்வி கேட்டு நிறுத்த வேண்டும்.