சுட்டி நிற்கும் நாயும் விடத்தல்தீவுக் கவுதாரியும்

சென்ற ஒக்டோபரில் விடத்தல்தீவில் உறவினர் வீட்டு முற்றத்தில் இருந்தபோது, இங்கிலாந்திலிருந்து வந்திருந்த மருமகன் கைபேசியில் ஒரு படம் காட்டினான். இலையுதிர் காலத்துப் புல்வெளி. வெள்ளையும் கபிலமுமான நாயொன்று ஓடிவந்து சட்டென்று நிற்கிறது. முன்கால் ஒன்று தூக்கியபடி, வால் நீண்டபடி, மூக்கு ஒரே திசையில். பின்னால் துவக்கோடு ஒருவர் நடந்து வருகிறார். பற்றைக்குள்ளிருந்து கவுதாரி எழும்புகிறது, வெடி கேட்கிறது.

"மாமா, குர்ஆன்ல வேட்டை நாய்க்கு அனுமதி இருக்குத்தானே? அப்ப இது ஹலால்தானே?" என்று கேட்டான். ஓம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லாமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று.

அவன் சொன்ன அனுமதி அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனத்தில் இருக்கிறது. பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணி நமக்காகப் பிடித்ததை, அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி உண்ணலாம். அதீ இப்னு ஹாதிம் (ரலி) இதைப் பற்றிக் கேட்டதும் நபியவர்கள் (ஸல்) பதில் சொன்னதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகின்றன. நாய் அதில் தின்றிருந்தால் உண்ணக்கூடாது, அது தனக்காகப் பிடித்ததாகிவிடும். வேறு நாய் வந்து கூடியிருந்தாலும் உண்ணக்கூடாது, பெயர் சொல்லி அனுப்பியது நம்முடைய நாயைத்தான். நமது ஷாஃபி மத்ஹபு பயிற்சிக்கும் அளவு வைத்திருக்கிறது: ஏவினால் போக வேண்டும், தடுத்தால் நிற்க வேண்டும், பிடித்ததைத் தின்னாதிருக்க வேண்டும், இவை ஒருமுறையல்ல, திரும்பத் திரும்ப நடந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் தானே துரத்திக் கொல்லும் நாய்க்கு உரியவை. அரபிகளின் ஸலூகி அப்படிப்பட்டது. படத்தில் கண்ட நாயின் வேலையோ வேறு. மோப்பம் பிடித்து, பறவை பதுங்கிய இடத்தைத் தன் உடம்பால் சுட்டிக் காட்டி, அசையாமல் நிற்பதுதான் அதற்குப் பழக்கிய வேலை. அது பாய்ந்தால் பயிற்சி பிழைத்தது என்று அர்த்தம். உயிரை எடுப்பது துவக்கு. ஆகவே மருமகன் நாயைப் பற்றிக் கேட்டாலும், பதில் சன்னத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். கூர்மையால் துளைத்துக் கொன்றது ஆகும், பாரத்தால் அடித்துக் கொன்றது ஆகாது என்பது அடிப்படை. களிமண் உருண்டையால் அடித்துச் செத்த பறவை ஆகாது என்று இமாம் நவவியின் மின்ஹாஜ் சொல்கிறது. ஈயச் சன்னம் எதில் சேரும்? ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் ஆகாது என்றார். யமன் நாட்டு ஷவ்கானி, அது துளைக்கிறது, ஆகவே ஆகும் என்றார். எனக்குப் பேணுதலான வழி ஒன்றுதான் தெரிகிறது: விழுந்த பறவையில் உயிர் இருக்கும்போதே கத்தி வைப்பது. விழுந்ததை நாய் வாயில் கவ்வி வந்திருந்தால், பல் பட்ட இடத்தை வெட்டி எறியத் தேவையில்லை, தண்ணீராலும் மண்ணாலும் கழுவினால் போதும் என்பதும் மின்ஹாஜில் உண்டு. நாய் என்றதும் முகம் சுளிக்கிற நம்மவர் பலருக்கு இது தெரியாது.

விடத்தல்தீவுக்கு இன்னொன்றும் பொருந்தும். மாரியில் இங்கே களப்பும் சேற்றுத்தரையும் நிறைய ஊசிவால் வாத்துகளும் சிறகிகளும் வந்து இறங்குகின்றன. அடித்த வேட்டை தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தால், கொன்றது அம்பா தண்ணீரா என்று தெரியாது, உண்ணாதே என்பதும் அதே அதீயின் ஹதீஸில் வருகிறது.

கவுதாரி கரைக்குரியது. ஊரின் பெயரிலேயே இருக்கிற விடத்தல் போன்ற முள்மரப் பற்றைதான் அதன் வீடு. இலங்கையில் புத்தளம் தொட்டு மன்னார், யாழ்ப்பாணம் வரையான வரண்ட கீற்றில்தான் அது வாழ்கிறது. வட இந்திய முஸ்லிம்கள் கறுப்புக் கவுதாரியின் கூவலை "ஸுப்ஹான் தேரீ குத்ரத்" என்று கேட்பார்கள். நம்முடையது சாம்பல் கவுதாரி, அவ்வளவு தெளிவாய்த் தஸ்பீஹ் சொல்லாது! பறப்பதை விட ஓடுவதையே விரும்பும் பறவை. சுட்டி நிற்கும் நாய்க்கு அதனால் சரியான தலையிடி.

"அப்ப நம்மட ஊர் நாய் புடிச்சா?" என்றான். பயிற்சியில்லாத நாய் பிடித்ததை உயிரோடு எடுத்து அறுத்தால் ஆகும், செத்திருந்தால் ஆகாது. அபூ ஸஃலபா (ரலி) கேட்டதற்கு நபியவர்கள் சொன்ன பதில் அது.

பக்கத்தில் இருந்த மச்சினன் அதுவரை பேசவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் வெளியேற்றியபோது, இந்த ஊரிலிருந்து புத்தளத்துக்குப் போய்ப் பல வருடம் கழித்துத் திரும்பியவர். "கிதாபெல்லாம் சரி. பொலிஸ் புடிச்சா எந்த மத்ஹபில பதில் சொல்லுறது?" என்றார்.

சிரித்தோம். ஆனால் அவர் சொன்னது சரி. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் காட்டுப் பறவைகளில் மிகப் பெரும்பாலானவற்றைப் பாதுகாக்கின்றன. 2016இல் விடத்தல்தீவுக் கரையோரம் இயற்கை ஒதுக்கிடமாகவும் அறிவிக்கப்பட்டது. அதற்குள் வேட்டையே கூடாது. தேவையின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் முறையிடும் என்று நஸாயீயில் ஒரு ஹதீஸ் உண்டு. சந்தையில் கோழி கிடைக்கிற ஊரில் கவுதாரிக்கு என்ன தேவை என்று நான் கேட்டேன்.

மருமகன் கைபேசியை மடியில் வைத்துவிட்டு, "அப்ப நாயை மட்டும் வளக்கலாமா?" என்றான். வேட்டைக்கும், மந்தைக்கும், பயிர்க் காவலுக்கும் வளர்க்கலாம் என்று சொன்னேன். அவனுக்கு மூன்றும் இல்லை.