நடுவில் ஒரு பொங்குமாகடல்

குற்றாலம் பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. அந்த வேகத்தோடு நேரே தலையில் விழுந்தால் யாராலும் நிற்க முடியாது. நடுவழியில் பொங்குமாகடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, பொங்கி, வழிந்து, வேகம் தணிந்து வருவதால்தான் கிழவர்களும் பிள்ளைகளும் அடியில் நின்று குளிக்கிறார்கள். நாற்பதைத் தாண்டியவர்களில் பலருடைய நாளில் அப்படி ஒரு பள்ளம் கிடையாது. இரவு 10.30 வரை வேலை, 10.35-க்குப் படுக்கை, 4.45-க்கு அலாரம், 5 மணிக்கு ஜிம். அப்புறம் தூக்கம் வரவில்லை என்று புலம்பல்.

சீசனுக்கு வருகிறவர்கள், “குற்றாலத்துல படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம் வருது” என்பார்கள். மூலிகைத் தண்ணீரின் மகிமை என்று அதற்கு விளக்கமும் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். அருவிக்கு அருவி நடக்கிறார்கள், பசித்துச் சாப்பிடுகிறார்கள், ஆபீஸ் போனை லாட்ஜில் வைத்துவிட்டு வருகிறார்கள், ராத்திரி மேல்காற்று ஜில்லென்று வீசுகிறது. தண்ணீரை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீட்டிலும் நடக்கக்கூடியவை. ஆனால் வரிசை முக்கியம். எல்லாரும் படுக்கிற நேரத்தில் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டியது எழுகிற நேரத்தில்.

முதல் வேலை, எழும் நேரத்தைக் கட்டிப்போடுவது. நினைத்த மாத்திரத்தில் தூங்கிவிட முடியாது. நினைத்த நேரத்துக்கு எழுந்துவிட முடியும். அதனால் கைக்கு அகப்படுகிற முனையைப் பிடிக்க வேண்டும். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015-இல் கூடிப் பேசி அறிவித்தன. படுத்ததும் யாரும் தூங்கிவிடுவதில்லை. ஆகவே படுக்கைக்கு ஏழரை மணி நேரம் ஒதுக்கிப் பின்னோக்கி எண்ணுங்கள். காலை 5.30-க்கு எழுகிறவர் 10 மணிக்குப் படுத்தாக வேண்டும். ஆனால் 10 மணி எல்லாருக்கும் ஒத்துவராது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் வந்ததிலிருந்து அந்த வேலை இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. வீட்டிலிருந்தே வெளிநாட்டு வேலை பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். நியூயார்க்கில் காலை 10 மணிக்குக் கூட்டம் என்றால் கோடையில் இங்கே இரவு 7.30, அங்கே குளிர்காலமானால் 8.30. அந்தக் கூட்டத்தை முடித்து எழுந்திருக்கவே பத்தாகிவிடுகிறவர் 5 மணி நடைக்கு ஆசைப்படக் கூடாது. 11.30-க்குப் படுத்து 7-க்கு எழட்டும். அதிகாலையில் எழுகிறவன்தான் ஒழுக்கமானவன் என்ற எண்ணம் நம் ஊரில் ரொம்பப் பேர் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் இதே நேரம்தான். மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம் தள்ளலாம்.

இரண்டாவது, எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளிச்சத்தில் நிற்பது. உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைத் தினமும் திருத்தி வைப்பது காலை வெளிச்சம். அந்தக் கடிகாரத்தின் மூலக்கூறு இயக்கத்தைக் கண்டுபிடித்த மூவருக்குத்தான் 2017-இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். தென்காசியில் ஜூனில் 6 மணியையொட்டி விடிகிறது, ஜனவரியில் ஆறரை தாண்டிவிடுகிறது. இருட்டோடு நடந்துவிட்டு விடிவதற்குள் வீடு திரும்புகிறவர்களுக்கு நடை கிடைக்கிறது, வெளிச்சம் கிடைப்பதில்லை. தென்காசியிலிருந்து இலஞ்சி வழியாகக் குற்றாலம் போகும் சாலையில் விடியற்காலம் நடந்து பாருங்கள். ஆனி மாதமானால் மேற்கே மலை முழுக்க மேகம், வயலில் நாற்று ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும், மூஞ்சியில் பொடிச்சாரல் அடிக்கும். வெயிலே இல்லாத மாதிரி இருந்தாலும் அந்த மேக வெளிச்சம் வீட்டு டியூப் லைட்டைவிடப் பல மடங்கு அதிகம். அரை மணி நேரம் வாரத்துக்கு 5 நாள் நடந்தால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடமும் கணக்காகிவிடும்.

எடை தூக்குவது தனிக் கணக்கு. வாரத்தில் இரண்டு நாள் போதும், சாயங்காலமாகவும் இருக்கலாம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூச்சிரைக்கச் செய்வது மட்டும் வேண்டாம். வளர்ச்சி ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். வயது ஏற ஏற அந்த ஆழ்ந்த தூக்கம் தானாகவே குறைகிறது. இருப்பதையும் வெட்டி ஜிம்முக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ராத்திரி 5 மணி நேரம்தான் தூங்கினீர்களா? அன்றைக்குக் காலை ஜிம்மை விட்டுவிட்டு, சாயங்காலம் கொஞ்சம் நடங்கள்.

அடுத்தது டீ. காபி, டீயிலுள்ள கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 6 மணிக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் வாழைக்காய் பஜ்ஜி ஆவி விட்டுக்கொண்டிருக்க, சாரலுக்கு இதமாக ஒரு ஸ்ட்ராங் டீ அடிக்கிறீர்கள். ராத்திரி 11 மணிக்கு அதில் பாதி இன்னும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மதியம் 2 மணிக்கு மேல் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஜ்ஜிக்குத் தடையில்லை.

பகல் தூக்கத்துக்கு நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு சட்டம் உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்குப் பகலில் தூங்கவே கூடாது. சனிக்கிழமை தலைமுழுகிவிட்டுக் கண்ணைச் சொருகினால் அம்மாக்கள் அதட்டி எழுப்பி உட்கார வைப்பார்கள். சூடு பிடிக்கும் என்று அவர்கள் காரணம் சொன்னார்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது, அதுதான் ராத்திரி கண்ணை இழுக்கிறது, மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினால் அது குறைந்துவிடுகிறது என்கிறது அறிவியல். காரணம் எதுவானாலும் சட்டம் நல்ல சட்டம். அசதி தாங்கவில்லை என்றால் 3 மணிக்குள் 20 நிமிடம். பொதிகை ரயிலில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து காலையில் வந்து இறங்குகிறவர்களுக்கும் இதுதான்.

இனி பொங்குமாகடல். படுக்கும் நேரத்துக்கு முன் ஒன்றரை மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்க வேண்டும். சாப்பாடு அதற்கும் முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். பிரானூர் பார்டர் கடைகளில் ராத்திரி 10 மணிக்குப் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் பிரமாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் வயிறு வேலை செய்யும்போது நெஞ்செரிச்சலோடுதான் புரள வேண்டியிருக்கும். மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும். லேப்டாப்பை மூடியதும் நாளைக்கான வேலைகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுதிவிட்டால் மனம் அதைச் சுமக்காது. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல். படுப்பதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்பு குளித்தால் கைகால் தோலுக்கு ரத்தம் ஓடி, உள்சூடு வெளியேறுகிறது. உள்சூடு இறங்கினால்தான் தூக்கம் வரும். அருவிக் குளிர்நீர் இதற்கு நேர் எதிர். அது முதலில் சிலிர்க்க வைத்து எழுப்பிவிடும், காலைக்குத்தான் ஏற்றது. போனை வேறு அறையில் சார்ஜில் போடுங்கள்.

இந்த ஒன்றரை மணி நேரம் எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் கடைசியாகப் படுத்து முதலில் எழுகிறவள் பெண். பாத்திரம் கழுவி, மாவு கரைத்து மூடி, பீடி சுற்றும் வீடானால் நாளைக்கான இலையையும் நனைத்து வைத்துவிட்டுத்தான் அவள் தலை சாய்க்கிறாள். விடிந்தால் கோலம். நாற்பத்தைந்துக்கு மேல் மாதவிலக்கு நிற்கும் காலத்தில் நடுராத்திரியில் குப்பென்று வியர்த்து எழுவதும் சேர்ந்துகொள்ளும். பருத்திப் புடவை, திறந்த ஜன்னல் ஓரளவு உதவும். தினமும் வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால் அவளுக்குத் தேவையான முதல் மருந்து, பாத்திரத்தை வேறொருவர் கழுவுவது.

இவ்வளவும் செய்தும் ராத்திரி 3 மணிக்கு விழிப்பு வரும். நடுவயதில் அது சகஜம். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஒரு இருபது நிமிடம் ஆனதுபோலத் தோன்றியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுங்கள். தார்சாலில் மங்கலான விளக்கில் உட்கார்ந்து, ஓட்டிலிருந்து சொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டலாம். கண் சொருகினால் மட்டும் திரும்பிப் போய்ப் படுங்கள். ரிச்சர்ட் பூட்ஸின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-இல் முன்வைத்த முறை இது. படுக்கை என்றாலே புரண்டு தவிக்கிற இடம் என்று மூளை பழகியிருக்கும், அந்தப் பழக்கத்தை உடைப்பதுதான் நோக்கம். எத்தனை மணிக்கு மறுபடி தூங்கினாலும் காலையில் எழுவது அதே நேரத்துக்கு. இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். முதல் இரண்டு வாரம் பகலெல்லாம் தூங்கி வழிவீர்கள், அந்த நாட்களில் தூக்கம் கண்ணை இழுக்கும்போது வண்டி ஓட்டாதீர்கள்.

ஏழு மணி நேரம் படுத்தும் பகலில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தலை தொங்குகிறதா? பக்கத்தில் படுக்கிறவரைக் கேளுங்கள். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று, பிறகு திணறலோடு மீண்டும் குறட்டை என்று அவர் சொன்னால் மேலே சொன்ன எதுவும் போதாது. அது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோயாக இருக்கலாம். ரத்த அழுத்தம் கூடுவதும் இதோடு சேர்ந்து வரும். நெஞ்சக மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பார்க்க வேண்டும். ஒரு ராத்திரி உடம்பில் வயர்களை ஒட்டித் தூங்கவிட்டு, மூச்சு எத்தனை முறை நிற்கிறது என்று எண்ணுவார்கள். போகும்போது அந்தப் பக்கத்துப் படுக்கைக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குறட்டை விடுகிறவருக்குத் தான் குறட்டை விடுவது தெரியாது, சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்.