முறிந்த பேஸ் கித்தார்
ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். ‘தி கிளாஷ்’ இசைக்குழுவின் பால் சிமனன் வாசித்தது.

1979 செப்டம்பரில், நியூயார்க் பலேடியம் அரங்கில், ரசிகர்களை ஆசனத்தை விட்டு எழவொட்டாமல் காவலர்கள் தடுத்ததனால் மனம் குமுறிய சிமனன், இவ்வாத்தியத்தைத் தலைகீழாகப் பற்றி மேடையில் ஓங்கி அறைந்த க்ஷணத்தைப் புகைப்படக் கலைஞர் பென்னி ஸ்மித் படம்பிடித்தார். படம் தெளிவாயில்லையென்று அவரே ஆட்சேபித்தும், எல்விஸ் பிரெஸ்லியின் 1956ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டின் இளஞ்சிவப்பு, பச்சை எழுத்துக்களை அனுசரித்து, ஓவியர் ரே லவ்ரி அதையே ‘லண்டன் காலிங்’ தட்டின் உறையாக்கினார்.

லண்டன் வெஸெக்ஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில், நாற்காலிகளை வீசியெறிந்து வாத்தியக்காரர்களுக்கு உற்சாகமூட்டிய தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸின் மேற்பார்வையில், குழுவினரான ஜோ ஸ்ட்ரம்மரும் மிக் ஜோன்ஸும் முதன்மையாக இயற்றிய இத்தட்டின் பாடல்கள், பங்க் இசையின் ஆவேசத்தைத் துறவாமலே ரெக்கே, ஸ்கா, ராக்கபில்லி, ஜாஸ் ஆகியவற்றையும் சுவீகரித்து, அணுவுலை விபத்தின் பீதி, வேலையில்லாத் திண்டாட்டம், ஸ்பானிய உள்நாட்டுப் போர், லண்டனின் பிரிக்ஸ்டன் வாசிகளின் மீது போலீசார் செலுத்திய கெடுபிடி ஆகியவற்றை அச்சமின்றிப் பேசின.

19 பாடல்கள் கொண்ட இவ்விரட்டைத் தட்டு, ஒற்றைத் தட்டின் விலைக்கே விற்கப்படவேண்டுமென்று குழுவினர் பிடிவாதம் பிடித்ததன் பயனாக, 1979 டிசம்பர் 14 அன்று பிரிட்டனில் அவ்விலைக்கே வெளிவந்தது. இறுதிப் பாடலாகிய ‘டிரெயின் இன் வெயின்’ காலங்கடந்து சேர்க்கப்பட்டமையால், முதற்பதிப்பின் உறைப் பட்டியலில் அதன் பெயர் இடம்பெறவில்லை.