உங்களுக்குத் தெரியுமா? தொப்பூர் ஏறினால் ஒரு டிகிரி!

பெங்களூரில் வேலை, தருமபுரியில் அப்பா அம்மா, சேலத்தில் மாமனார் வீடு. எங்கே மனை வாங்குவது? நம் பக்கத்துப் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சே இதுதான். மனை விலை கேட்கிறோம், பள்ளிக்கூடம் கேட்கிறோம், பஸ் நிற்குமா என்று கேட்கிறோம். வெயிலை மட்டும் “எங்கே போனாலும் அதே வெயில்தானே” என்று தள்ளிவிடுகிறோம். அதே வெயில் இல்லை.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். தருமபுரி ஏறக்குறைய 460. ஓசூர் 880. பெங்களூர் 920. நாலு ஊரும் ஒரே 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் படிக்கட்டு போல் அமைந்திருக்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அப்படியானால் தொப்பூர் கணவாய் ஏறித் தருமபுரி வருவதற்குள் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே மிச்சம். ஓசூர் போனால் இன்னும் இரண்டரை, மூன்று. தெர்மாமீட்டர் வேண்டாம், மார்கழி இரவில் பெங்களூர் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். சேலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தவர் காரிமங்கலத்தில் பாதி மூடுவார். சூளகிரியில் துண்டைத் தலையில் சுற்றிக்கொள்வார்.

சேலத்துக்கு இன்னொரு பாதகம். சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றிலும் மலை. கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிற ஊர், சூடு லேசில் வெளியேறாது.

குளிர்ச்சி வேண்டுமென்றால் ஏற்காடுதான் போகவேண்டுமா? தருமபுரிக்குப் பக்கத்திலேயே வத்தல்மலை இருக்கிறது. மூவாயிரம் அடிக்கு மேல் உயரம். காப்பியும் மிளகும் விளைகின்றன. கீழே புளியும் சாமையும் விளைகிற அதே மாவட்டம்தான்! தட்பவெப்பத்தை ஒப்பிட மாநிலம் விட்டு மாநிலம் போகத் தேவையில்லை.

பெங்களூரில் மழை கொட்டும், நமக்குத்தான் இல்லை என்பது நம் ஊரின் நெடுநாள் புலம்பல். கணக்கைப் பார்த்தால் அந்தப் புலம்பல் எடுபடாது. பெங்களூரின் ஆண்டு சராசரி சுமார் 97 செ.மீ. தருமபுரி மாவட்டத்துக்கு ஏறக்குறைய 85 முதல் 95. கோவை நகரம் இதைவிடக் குறைவு. சென்னைக்கு 140, ஆனால் அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய மூன்றே மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் கிட்டத்தட்ட சரிபாதி. ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் மானாவாரிக்காரர்கள் காலம் தள்ளுகிறார்கள். சில வருடம் இரண்டும் ஏமாற்றும்.

‘வெப்ப அலை’ என்று செய்தியில் சொல்கிறார்களே, அது ஊருக்கு ஊர் வேறு. சமவெளியில் குறைந்தது 40 டிகிரி தொட்டால்தான் இந்திய வானிலை ஆய்வுத்துறை அதைக் கணக்கில் எடுக்கும். கடலோரத்தில் 37, மலையில் 30 போதும். அதோடு வழக்கமான அளவைவிட நாலரை டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். ஊட்டிக்காரருக்கு 30 டிகிரி அபாயம். நமக்கு அது ஆவணி மாதத்து மத்தியானம்.

ஏர்கூலர் தருமபுரியில் வேலை செய்யும், சென்னையில் செய்யாது. இது விற்பவர் சொல்ல மறக்கிற விஷயம். தண்ணீர் ஆவியாகும்போதுதான் காற்று குளிரும், காற்று காய்ந்திருந்தால்தான் தண்ணீர் ஆவியாகும். நம் சித்திரை மத்தியானக் காற்று மாவடு போட்ட ஜாடியின் வாயில் கட்டிய ஈரத்துணியை அரை மணியில் மொறமொறப்பாக்கிவிடும். கடலோரத்தில் கூலரை ஓட்டினால் அறைக்குள் இன்னொரு மெரினா. ஆகவே 39 டிகிரி தருமபுரியும் 36 டிகிரி சென்னையும் உடம்புக்கு ஒன்றல்ல. மூன்று டிகிரி குறைவு என்று சென்னைக்குப் போனவர் சட்டையைப் பிழிந்துகொண்டு நிற்பார்.

பெங்களூர் நிரந்தரமாகக் குளிர்ந்த ஊர் என்று நம்பி மனை வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2016 ஏப்ரலில் அங்கே 39.2 டிகிரி பதிவானது. 2024 ஏப்ரலில் 38.5. ஃபேன் இல்லாமல் கட்டிய பழைய வீடுகளின் உத்தரத்தில் இப்போது கொக்கி தேடுகிறார்கள்.

ஊர் மாற்றத்துக்கு வெயில், மழையைக் காரணம் காட்டிய பெரிய மனிதர் ஒருவர் நம் தருமபுரியில் இருந்திருக்கிறார். பிற்காலத்தில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து நம் பகுதியான பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியதும், கேப்டன் ரீடின் உதவியாளராக இங்கே வந்தார். ஏழு வருடம் நிலம் அளந்து, வரி கணக்கிட்டு, தருமபுரியில் வீடும் தோட்டமும் போட்டு வாழ்ந்தார். 1799-ல் கன்னடக் கடற்கரைக்கு மாற்றினார்கள். பதவி உயர்வுதான். ஆனால் அங்கே மழை ஆரம்பித்தால் நாலு மாதம் விடாது. மங்களூரில் ஆண்டுக்கு 300 செ.மீ.க்கு மேல், அதாவது நம்மைப்போல் மூன்று பங்குக்கும் மேலே. மனிதர் நொந்துபோய், மாற்றல் கேட்டு எழுதினார். 1800-ல் கிடைத்த இடம் பெல்லாரி, கடப்பை உள்ளிட்ட வறண்ட மாவட்டங்கள்! அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். ஏழு வருடம் தருமபுரிக் காற்றைச் சுவாசித்தவருக்கு வறட்சியே சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டதோ என்னவோ.

மன்றோவுக்கு வெகு முன்னாலேயே பயிர்களும் இடம் மாறி இங்கே வந்திருக்கின்றன. தகடூரை, அதாவது அன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமானின் முன்னோர் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் என்று புறநானூறு சொல்கிறது. இன்றும் மாவட்டத்தில் பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன.

ஒரு ஊரின் காற்று எப்படி என்று வானிலை அதிகாரியைக் கேட்பதைவிடப் பட்டுப்புழுவைக் கேட்கலாம். அதற்கு 24 முதல் 28 டிகிரி வேண்டும், ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இந்த ஜமீன்தார் சுகத்தைத் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வருடத்தில் பல மாதம் காற்றே கொடுத்துவிடுகிறது. அதனால்தான் மல்பெரித் தோட்டங்களும் தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடியும் இங்கே வேரூன்றின. பங்குனி பிறந்ததும் காட்சி மாறும். புழு வளர்ப்பு மனையின் ஜன்னலெல்லாம் ஈரச்சாக்கு தொங்கும். தரையில் மணல் கொட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். இலையைக் கடிக்கும் சத்தம் தூறல் விழுவதுபோல் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அது குறைந்தால் வீட்டுக்காரம்மாவுக்கு முகம் வாடிவிடும், அடுத்த சாக்கை நனைக்க ஓடுவார். குடிவருகிறவர்கள் அந்த மனையின் ஓரத்தில் பத்து நிமிடம் நின்றுவிட்டு முடிவெடுக்கலாம்.

வெயிலைவிட முக்கியமாகக் கேட்கவேண்டியது தண்ணீர். நம் பூமி பாறைப் பூமி. பாறையில் உள்ள ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. மழை பொய்த்தால் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாகப் போடுகிறோம், பாறையோடு நெடுநாள் கிடந்த நீர் மேலே வருகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தாண்டிய ஊர்களில் வளர்ந்தவர்களைச் சிரிப்பிலேயே அடையாளம் தெரியும். முன்பல்லில் பழுப்புக் கோடு. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உதட்டைத் திறக்காமல் சிரித்த அக்காக்களை எனக்குத் தெரியும். இதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல், 2013-ல் தொடக்கம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். புது மனையில் போர் போட்டால் முதலில் சோதனைக்கூடத்துக்கு ஒரு பாட்டில் அனுப்புங்கள், அப்புறம் கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கலாம்.

தண்ணீருக்கு அடுத்து, வீடு பார்க்கும் திசை. ஏப்ரல் 22-ஐ ஒட்டி ஒரு நாள் உச்சிவெயிலில் தருமபுரியில் நேராக நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. ஆகஸ்ட் 20-ஐ ஒட்டி மறுபடியும். இதற்கு நடுவே நாலு மாதமும் மத்தியானச் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் நிற்கும். வாஸ்து பார்ப்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

எனக்கும் யாரும் சொல்லவில்லை. தை மாதம் ஒரு புரோக்கர் வடக்குப் பார்த்த வாடகை வீடு காட்டினார். ஜில்லென்ற திண்ணை, சாம்பல் நிறக் காற்று, மாமரத்தில் பூ. “ஏ.சி.யே வேணாங்க சார், இது ஊட்டி” என்றார். அன்றே அட்வான்ஸ் கொடுத்தேன். கத்திரி பிறந்ததும் சாயங்காலச் சூரியன் வடமேற்கிலிருந்து திண்ணையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சிமெண்ட் தளத்துக்கு மேலே கறுப்புத் தொட்டி. நாலு மணிக்குச் சமையலறைக் குழாயைத் திறந்து கையை நீட்டிய அம்மா வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு சிரித்துக்கொண்டே அந்தத் தண்ணீரைப் பாத்திரத்தில் பிடித்து அடுப்பில் ஏற்றினார். ராகிக் களிக்கு உலை பாதி கொதித்துவிட்டதாம்.