ஓடுவார் உண்டு, காண்பார் எங்கே?

காற்பந்தாட்டம் என்றால் திரளும் மக்கள், திடல்தடப் போட்டி என்றால் ஏன் திரள்வதில்லை? பாகான் டாலாமிலோ அதனைச் சூழ்ந்த செபராங் பிறைத் தோட்டங்களிலோ இக்கேள்வியை எழுப்பினால், "ஓட்டப் பந்தயத்தில் நம்மவர்க்கு நாட்டம் இல்லை" என்பதே பலரது விடையாக இருக்கும். அவ்விடை எளிதானது, ஆனால் சரியானதன்று. காரணம் மக்களின் மனத்தில் மட்டும் இல்லை. போட்டிகள் நடத்தப்படும் முறையிலும் இருக்கிறது. அதனைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

நாட்டம் இல்லாதவரா நாம்?

தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஆண்டு விளையாட்டு நாளை எண்ணிப் பாருங்கள். சுண்ணாம்புக் கோடு இட்ட சிறு திடல். நிழலுக்கு ஒரு கூடாரம். எனினும், அன்று லயத்து வீடுகளில் ஆள் இருப்பதில்லை. பாட்டி முதல் கைக்குழந்தை வரை அனைவரும் திடலைச் சுற்றி நிற்பர். சாக்கு ஓட்டத்திற்கும் கரண்டியில் எலுமிச்சை ஏந்தி ஓடும் ஓட்டத்திற்கும் கூட ஆரவாரம் வானைப் பிளக்கும்.

நம் நாட்டுத் திடல்தட வரலாற்றிலும் நம்மவர் பெயர்கள் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. 1966-ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மு. ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் பெற்றார். மருத்துவப் படிப்பையும் ஓட்டத்தையும் ஒருங்கே பேணிய அவரை நாடே "பறக்கும் மருத்துவர்" என்று போற்றியது. 1968-ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அவர் நிலைநாட்டிய தேசியச் சாதனை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அசையாது நின்றது. அதே பாங்காக் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் மா. ராஜாமணி. அவ்வாண்டின் தேசியச் சிறந்த விளையாட்டு வீரராகவும் வீராங்கனையாகவும் இவ்விருவருமே தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

1998-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடைபெற்றபோது, 50 கிலோமீட்டர் வேகநடையில் கோ. சரவணன் முதலாவதாக வந்தார். அப்போட்டிகளின் வரலாற்றில் மலேசியா திடல்தடத்தில் வென்ற முதல் தங்கம் அதுவே. அப்போட்டிக்கென எழுந்த தேசிய விளையாட்டரங்கம் நிற்கும் புக்கிட் ஜாலில், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஆகவே, நாட்டமும் உண்டு. பெருமைக்குரிய மரபும் உண்டு. குறை வேறிடத்தில் இருக்கிறது.

பார்வையாளர் படும் பாடு

முதலாவது குறை, யாரைப் பார்ப்பது என்பது தெரியாமை. வெளியூரார் ஒருவர் பால்மரக் காட்டினுள் நுழைந்தால், எல்லா மரமும் அவருக்கு ஒன்றுபோலவே தோன்றும். அந்நிரையில் அன்றாடம் பால் வெட்டுபவருக்கோ எந்த மரம் நன்கு சுரக்கும், எந்த மரத்தின் பட்டை காய்ந்துவிட்டது என்பதெல்லாம் தெரியும். திடல்தடப் போட்டிக்கு முதன்முறை செல்பவர், காட்டினுள் நுழைந்த அந்த வெளியூராரின் நிலையிலேயே இருக்கிறார். எட்டுத் தடங்களில் எட்டுப் பேர். மார்பில் எண் மட்டும். அவர் யார், எவ்வூர், சென்ற ஆண்டு எத்தனை விநாடியில் ஓடினார் என்று சொல்வார் இல்லை. காற்பந்தில் இத்தொல்லை கிடையாது. 1974-ஆம் ஆண்டு பினாங்கு மலேசியக் கிண்ணத்தை வென்றபோது, ஆட்டக்காரர் பதினொருவரின் பெயரும் அறியாதவர் கூட "நம் மாநிலம் வென்றது" என்று மகிழ முடிந்தது. சட்டையின் நிறமே நம்மவரைக் காட்டிவிடுகிறது.

இரண்டாவது குறை, எதைப் பார்ப்பது என்னும் குழப்பம். காற்பந்தில் பந்து ஒன்று. கண் அதன் பின்னே செல்லும். திடல்தடப் போட்டியிலோ ஒரு மூலையில் உயரம் தாண்டுதல், மறு மூலையில் குண்டு எறிதல், நடுவில் ஈட்டி எறிதல், சுற்றிலும் ஓட்டம் எனப் பல நிகழ்ச்சிகள் ஒரே வேளையில் நடைபெறும். ஒலிபெருக்கியில் தெளிவான அறிவிப்பு இல்லையேல், ஒரு சாதனை நிகழ்ந்து முடிந்ததும் தெரியாது.

மூன்றாவது குறை, நேரம். காற்பந்தாட்டம் தொண்ணூறு நிமிடத்தில் முடிந்துவிடும். திடல்தடப் போட்டியில் 100 மீட்டர் இறுதி ஓட்டம் பத்துப் பன்னிரண்டு விநாடிதான். ஆனால் அதற்கு முன் தகுதிச் சுற்றுகள், அரையிறுதிச் சுற்றுகள் எனப் பல மணி நேரம் கழியும். உச்சி வெயிலில், கூரையில்லாப் படிகளில் அமர்ந்து அந்தப் பத்து விநாடிக்காகக் காத்திருப்பது எளிதன்று. விடியற்காலையில் பால் வெட்டச் சென்று, நண்பகலில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் தொழிலாளிக்கு, வேலைநாளில் காலை எட்டு மணிக்குத் தொடங்கும் போட்டி எட்டாக் கனியே.

நான்காவது குறை, தொலைவு. 2000-ஆம் ஆண்டு பினாங்கில் சுக்மா விளையாட்டுப் போட்டி நடைபெற்றபோது, பத்து காவானில் 40,000 பேர் அமரத்தக்க அரங்கம் எழுப்பப்பட்டது. பாகான் டாலாமிலிருந்து அங்குச் செல்லப் பிறை ஆற்றைக் கடந்து தெற்கே நெடுந்தொலைவு செல்ல வேண்டும். சொந்த வாகனம் இல்லாத குடும்பத்திற்குப் போக்குவரத்துச் செலவே பெருஞ்சுமை. அன்றியும், நாற்பதாயிரம் பேருக்கான அரங்கில் ஐந்நூறு பேர் அமர்ந்தால், வந்தவருக்கும் உற்சாகம் குன்றிவிடும். அதே ஐந்நூறு பேர் தோட்டத் திடலைச் சூழ்ந்து நின்றால் அது திருவிழா.

பிற நாடுகள் காட்டும் பாடம்

இக்குறைகள் நமக்கு மட்டும் உரியவை அல்ல. 2019-ஆம் ஆண்டு கத்தார் நாட்டின் தோகா நகரில் உலகத் திடல்தட வெற்றியாளர் போட்டி நடைபெற்றது. ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் பிரேசர்-பிரைஸ் 100 மீட்டர் ஓட்டத்தில் வென்று உலகின் அதிவேகப் பெண்மணியாக வலம்வந்தபோது, அரங்கின் பெரும்பகுதி வெறுமையாகக் கிடந்தது. ஓட்டத்தின் தரத்தில் குறையில்லை. இரவு வெகுநேரம் கழித்து, அவ்வூரில் வேரூன்றாத விளையாட்டை நடத்தியதே குறை. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2017-இல் இலண்டனில் நடைபெற்ற அதே போட்டிக்கு ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட நுழைவுச் சீட்டுகள் விற்பனையாயின.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே மாலையில் நடைபெறும் போட்டியைக் காண ஏறத்தாழ 25,000 பேர் திரள்வர். தகுதிச் சுற்றுகள் இன்றி, தேர்ந்தெடுத்த நிகழ்ச்சிகளைச் சில மணி நேரத்தில் அடுத்தடுத்து நடத்தி முடிப்பது அங்குள்ள முறை.

நமக்கு மிகவும் பொருந்தும் எடுத்துக்காட்டு ஜமைக்கா. கரும்புத் தோட்டங்களில் உழைத்தோரின் வழித்தோன்றல்கள் மிகுந்த சிறு தீவு அது. அங்கு இடைநிலைப் பள்ளிகளுக்கிடையிலான திடல்தடப் போட்டி 1910-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. மாணவர் ஓட்டத்தைக் காண, தலைநகர் கிங்ஸ்டனின் தேசிய அரங்கில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் கூடுவர். பழைய மாணவர்கள் தம் பள்ளியின் நிறத்தில் உடையணிந்து, கொடியேந்தி வருவர். உசைன் போல்ட் உலகப் புகழ் பெறுமுன், 2003-ஆம் ஆண்டு பள்ளி மாணவராக ஓடியதும் அக்கூட்டத்தின் முன்னேதான். அங்கே ஓடுவது ஓர் எண் அன்று. நம் பள்ளிப் பிள்ளை. அதுவே அவர்கள் வெற்றியின் இரகசியம். நம் தோட்டத்து விளையாட்டு நாளின் இரகசியமும் அதுவே.

வெற்றிடத்தின் விலை

"பார்க்க ஆள் இல்லாவிட்டால் என்ன? ஓடுகிறவர் ஓடட்டுமே" என்று சிலர் கூறலாம். பாதிக்கப்படுவோர் நம் பிள்ளைகளே. தோட்டப் பள்ளியில் ஊரே ஆர்ப்பரிக்க முதலாவதாக வந்த சிறுமி, மாவட்டப் போட்டிக்குச் செல்கிறாள். அங்கே அவள் பெயரைச் சொல்லி அழைக்க ஒரு குரலும் இல்லை. இடைநிலைப் பள்ளியில் சேர்ந்ததும் பயிற்சிக் காலணிக்கும் பேருந்துக்கும் பணம் வேண்டும். "இதனால் என்ன பயன்?" என்று வீட்டார் கேட்கின்றனர். ஓராண்டில் அவள் ஓட்டத்தை விட்டுவிடுகிறாள். கூட்டம் கூடாத இடத்திற்கு ஆதரவு தரும் நிறுவனங்களும் வருவதில்லை. ஆதரவு இல்லாத இடத்தில் பயிற்சியாளரும் நிலைப்பதில்லை. இவ்வாறு, வெற்று இருக்கை ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் கால்களைக் கட்டிப்போடுகிறது.

காணும் முறை அறிவோம்

ஒரு விளையாட்டைச் சுவைக்கச் சில நுணுக்கங்களை அறிந்தால் போதும்.

400 மீட்டர் ஓட்டத்தில் வெளித்தடத்தில் நிற்பவர் முன்னே நிற்பதுபோல் தோன்றும். வெளிவட்டம் பெரிதாகையால், அனைவரும் ஒரே தூரம் ஓடவேண்டி அவ்வாறு நிறுத்துகின்றனர். கடைசி வளைவு கடந்த பின்னரே உண்மையில் முந்துபவர் யார் என்பது விளங்கும். ஆகவே அவ்விடத்தில் கண்ணை வைக்க வேண்டும்.

அஞ்சல் ஓட்டத்தில் ஓடுவோரைவிடக் கோல் கைமாறும் இடத்தைக் கவனியுங்கள். வேகம் குறைந்த குழுவும் கோலைப் பிசகாது மாற்றி வெற்றி பெறுவதுண்டு.

வேகநடையில் ஒரு கால் எப்போதும் தரையில் பட்டிருப்பதாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முன்வைக்கும் கால் தரையைத் தொட்டது முதல் உடலின் நேர்க்கீழே வரும்வரை முழங்கால் மடங்கலாகாது. மீறுவோரை நடுவர் எச்சரிப்பர்; மீறல் தொடர்ந்தால் விலக்குவர். இதனை அறிந்தால், ஐம்பது கிலோமீட்டர் தூரத்தை அவ்வாறே நடந்து முடித்த சரவணனின் உழைப்பு எத்தகையது என்பது புரியும்.

நாம் செய்யத்தக்கவை

போட்டி நடத்துவோர் இறுதிச் சுற்றுகளையேனும் வார இறுதி மாலையில் வைக்கலாம். ஓடுவோரின் பெயரையும் பள்ளியையும் அவரது முந்தைய நேரத்தையும் ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம். பெரிய அரங்கினும் சிறிய திடலே நிறைவு தரும் என்பதையும் அவர்கள் எண்ண வேண்டும்.

நம் பங்கும் உண்டு. மாவட்டப் போட்டி எந்நாள், நம் பிள்ளை ஓடும் நேரம் எது என்பதைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டறிவோம். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தோட்ட விளையாட்டு மன்றமும் இணைந்து ஒரு வேன் ஏற்பாடு செய்தால், பத்துப் பன்னிரண்டு பேரேனும் செல்லலாம். நாள் முழுதும் அமர வேண்டியதில்லை. நம் பிள்ளை ஓடும் அந்த ஒரு மணி நேரம் போதும். வெற்றிக் கோட்டின் அருகே ஒன்றாக நின்று, பெயர் சொல்லி உரக்க அழையுங்கள். திரும்பியதும், ஓடிய நேரத்தைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அந்நேரம் குறைகிறதா என்று காண ஊரே ஆவலுடன் காத்திருக்கும்.

பன்னிரண்டு பேர் அரங்கை நிரப்பிவிட மாட்டார்கள். ஆனால், தொடக்கக் கோட்டில் குனிந்து நிற்கும் ஒரு பிள்ளையின் செவிக்கு அக்குரல் எட்டும். அவள் அடுத்த ஆண்டும் ஓட வருவாள்.